மூன்று மணி நேரம் மட்டுமே ஓடிய டிஸ்க்

வீட்டில் ஒரு மீடியா சர்வர் வைக்கலாம் என்று பழைய கம்ப்யூட்டரையும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கையும் வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பவர்கள், கடைக்குப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் 27,000 ரூபாயைக் கொடுத்துவிட்டுக் கற்றுக்கொண்டது இது.

எங்கள் வீட்டில் பதினோரு விஎச்எஸ் கேசட்டுகள் இருக்கின்றன. அப்பா அம்மா கல்யாணம் அதில் இல்லை. அந்தக் காலத்தில் வீடியோவுக்கு எங்களுக்கு வசதி கிடையாது. அக்காவின் காதுகுத்து, வீடு கிரகப்பிரவேசம், தாத்தாவின் எண்பதாம் கல்யாணம், இப்படி. அவற்றையெல்லாம் கணினிக் கோப்பாக மாற்றி, போனில் தேங்கிக் கிடந்த புகைப்படங்களையும் சேர்த்து, ஹாலில் இருக்கும் டிவியிலேயே பார்க்க வேண்டும் என்பது ஆசை. அலுவலகத்தில் கழித்துப்போட்ட ஓர் ஐ5 கம்ப்யூட்டரை வாங்கி வந்தேன். அதில் டிஸ்க்குகளைப் பராமரிக்க ட்ரூநாஸ் என்ற இயங்குதளம், அதன்மேல் வீடியோக்களை டிவிக்கு அனுப்ப ஜெல்லிஃபின் என்ற மென்பொருள். இரண்டுமே இலவசம். ஒரு சனிக்கிழமை மதியம் உட்கார்ந்தேன், இரவுச் சாப்பாட்டுக்குள் தாத்தா டிவியில் வந்துவிட்டார். அம்மா எழுந்துபோய்த் திரையைத் தொட்டுப் பார்த்தார். முதல் வாரத்தில் குறை சொன்னது என் மனைவி மட்டும்தான், அதுவும் மின்கட்டணத்தைப் பற்றி. அளந்து பார்த்தேன்: 45 வாட். இரவு பகலாக ஓடினால் இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 65 யூனிட். அப்போது இலவசமாகக் கிடைத்த 100 யூனிட்டில் பாதிக்கு மேல் இதுவே தின்றுவிடும் என்ற அவர் வாதத்துக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.

சிக்கல் மென்பொருளில் இல்லை. டிஸ்க்கில் இருந்தது.

சென்னை ரிச்சி தெருவில் மாடிப்படிக்குக் கீழே ஒரு கடை. பெயர் சொல்லப்போவதில்லை. சீகேட் நிறுவனத்தின் 8 டிபி எக்ஸோஸ் டிஸ்க், ஒன்று 13,500 ரூபாய். மற்ற கடைகளில் கேட்டதைவிட ஆறேழாயிரம் குறைவு. “பெட்டி வராது சார், டிரே பேக். கம்பெனிகளுக்கு மொத்தமாக வருகிற சரக்கு, அதனால்தான் இந்த விலை” என்றார் கடைக்காரர். வெள்ளிநிறப் பையில் ஒட்டு பிரிக்காமல் இருந்தது. நான் ஒன்றும் ஏமாளி இல்லை என்று காட்டிக்கொள்ள, “ஸ்மார்ட் விவரம் பார்க்க வேண்டும்” என்றேன். எவ்வளவு நேரம் ஓடியது, பழுது உண்டா என்று டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைக்கும் குறிப்புதான் ஸ்மார்ட். அவர் முகம் சுளிக்கவே இல்லை. பையை அவரே கிழித்து, தன் கம்ப்யூட்டரில் மாட்டி, அந்தக் குறிப்பைப் படித்துக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளைத் திறந்து காட்டினார். நீலக் கட்டத்தில் ‘குட்’. ஓடிய நேரம்: 3 மணி. “தொழிற்சாலையில் சோதித்த மூன்று மணி நேரம்” என்று விளக்கமும் சொன்னார். அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குக் கேள்வி கேட்கும் எண்ணமே போய்விட்டது.

பில் கேட்டேன். “ஜிஎஸ்டி பில் என்றால் 18 சதவீதம் கூடும், பரவாயில்லையா?” பரவாயில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ‘எஸ்டிமேட்’ என்று தலைப்பிட்ட துண்டுச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். பணம் செலுத்தியபோது போனில் வந்ததும் கடையின் பெயர் அல்ல, யாரோ ஒருவரின் சொந்தப் பெயர். அதையும் பார்த்தேன், பார்த்துவிட்டுப் பேசாமல் வந்தேன்.

ஐந்தாவது வாரம் ட்ரூநாஸ் எச்சரிக்கை அனுப்பியது. முதல் டிஸ்க்கில் படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள், அதாவது தகவல் பதியும் சிறு கட்டங்கள், 8. மறுநாள் 56. அதற்கடுத்த நாள் நள்ளிரவில் ஹாலில் இருந்து ‘டிக்... டிக்...’ என்று, பல்லி சொல்வதுபோல, ஆனால் கடிகாரம் மாதிரி ஒரே சீராக. ஓடியது 900 மணி நேரம்கூட இல்லாத டிஸ்க் இப்படியா சாகும்?

தேடியதில்தான் ‘ஃபார்ம்’ என்ற ஒன்று இருப்பது தெரிந்தது. ஸ்மார்ட் எண்கள் எல்லா நிறுவன டிஸ்க்குகளிலும் உண்டு. சரியான கருவி கையில் இருப்பவன் அவற்றைத் துடைத்துப் பூஜ்யமாக்கிவிடலாம். சீகேட்டின் புதிய டிஸ்க்குகள் இதைத் தவிர இன்னொரு கணக்குப் புத்தகத்தையும் தமக்குள் தனியாக எழுதிவருகின்றன. அதுதான் ஃபார்ம். ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற இலவச மென்பொருளில் 7.4 பதிப்பிலிருந்து அதைப் படிக்கும் வசதி இருக்கிறது. ஒரே ஒரு கட்டளை. அடித்தேன். பத்தி பத்தியாக எண்கள் ஓடின. நடுவில் ஒரு வரியில் ஓடிய நேரம்: 31,412 மணி. ஆண்டுக்கு 8,760 மணி என்று வைத்தால் மூன்றரை ஆண்டுக்கு மேல், ஒரு நாள்கூட அணைக்காமல். இரண்டாவது டிஸ்க்கில் 31,390. இரண்டும் ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் உழைத்துக் களைத்த இரட்டையர்கள்.

டிஸ்க்கைக் கழற்றி விளக்கடியில் பிடித்தேன். திருகாணித் துளைகளின் விளிம்பில் கறுப்புப் பூச்சு தேய்ந்து வெள்ளை உலோகம் தெரிந்தது. இணைப்பின் தங்கப் பட்டைகளில், பலமுறை செருகி எடுத்ததற்கு அடையாளமாக, நேர்க்கோட்டுக் கீறல்கள். கடையிலேயே இவை இருந்திருக்கும். நான்தான் நீலக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இது நம் ஊர்ச் சரக்கு மட்டும் அல்ல. 2025 தொடக்கத்தில் ஜெர்மனியின் ஹைசே இணைய இதழ் இதையே வெளிப்படுத்தியது: புதிது என்று விற்ற சீகேட் டிஸ்க்குகள் பல்லாயிரம் மணி நேரம் ஓடியவை, ஸ்மார்ட் எண்கள் மட்டும் துடைக்கப்பட்டவை. டிஸ்க்கில் உள்ள இடத்தை வைத்தே ஈட்டக்கூடிய, 2021இல் வந்த சியா என்ற கிரிப்டோ நாணயத்துக்காக மலைமலையாக வாங்கப்பட்ட டிஸ்க்குகள், அந்த மோகம் அடங்கியதும் சந்தைக்கு வந்திருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தது. இவற்றை விற்பனையாளர்களுக்குத் தாங்கள் கொடுக்கவில்லை என்றது சீகேட். என் விஷயத்திலும் தயாரிப்பாளர்மேல் எனக்குக் கோபம் இல்லை. துடைத்தவன் வேறு, தெரிந்தே விற்றவன் வேறு.

இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தகவல் பதிவாகும்படிதான் அமைத்திருந்தேன். அப்படியானால் ஒன்று போனால் மற்றது இருக்கிறதே என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வேறு கடையில், முழு பில்லோடு, முழு விலையில் ஒரு புதிய டிஸ்க் வாங்கி மாட்டினேன். இருக்கும் டிஸ்க்கிலிருந்து எல்லாவற்றையும் படித்துப் புதியதில் எழுதும் வேலை தொடங்கியது. மூன்றரை ஆண்டு ஓடிய கிழவனை ஒரே மூச்சில் மாடி ஏறச் சொன்ன கதைதான். பாதி வழியில் அதுவும் படிக்க முடியாமல் திணறியது. முடிவில் பதினான்கு கோப்புகள் நிரந்தரமாகப் பழுது என்று பட்டியல் வந்தது. பத்து, வெறும் படங்கள். மூன்று, வருமான வரி ஆவணங்கள். ஒன்று, அக்காவின் காதுகுத்து.

கடைக்குப் போனேன். அவர் அதே மென்பொருளைத் திறந்து, “மூன்று மணி நேரம் என்று பார்த்துத்தானே வாங்கினீர்கள்?” என்றார். ஃபார்ம் எண்களை அச்செடுத்து நீட்டினேன். “இதெல்லாம் நெட்டில் வருவது சார்.” உத்தரவாதத்துக்காகத் தயாரிப்பாளரின் தளத்தில் வரிசை எண்ணைப் போட்டால், இது வேறொரு நிறுவனத்துக்கு மொத்தமாகக் கொடுத்தது, வாங்கிய இடத்தை அணுகவும் என்றது. வாங்கிய இடம் என் எதிரில் டீ குடித்துக்கொண்டிருந்தது. ஒன்றரை மணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு இரண்டையும் எடுத்துக்கொண்டு 8,000 ரூபாய் கொடுத்தார். அந்த இரண்டும் இப்போது யார் வீட்டில், எத்தனை மணி நேரம் காட்டிக்கொண்டு ஓடுகின்றனவோ.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைத்தபோது அவர்கள் முதலில் கேட்டது பில். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பில் தர மறுப்பதே நியாயமற்ற வணிக முறை. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் முப்பது நாள். என்னிடம் பில்லும் இல்லை, முப்பது நாளும் தாண்டியிருந்தது. அந்த 18 சதவீதத்தை மிச்சப்படுத்தியதாக நினைத்து நான் விட்டுக்கொடுத்தது இந்த உரிமையைத்தான்.

பழைய டிஸ்க் வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பழையது என்று சொல்லி, பழைய விலைக்கு, ஓராண்டு உத்தரவாதத்தோடு தருகிற நாணயமான கடைகளும் அதே தெருவில் உண்டு. புதியது என்று யாராவது கையில் கொடுத்தால், பணம் தரும் முன்னே வரிசை எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டுப் பாருங்கள். துளைகளையும் தங்கப் பட்டைகளையும் பாருங்கள். சீகேட் என்றால் மடிக்கணினியோடு போய் ஃபார்ம் எண்ணையும் ஸ்மார்ட் எண்ணையும் ஒப்பிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு கோப்பும் ஏற்றாமல், டிஸ்க் முழுவதையும் படித்துப் பார்க்கும் ஸ்மார்ட்டின் நீண்ட சோதனையை ஓட விடுங்கள். 8 டிபிக்கு அரை நாளுக்கு மேல் ஆகும், ஆகட்டும். இரண்டு டிஸ்க் வாங்கினால் ஒரே கடையில், ஒரே பெட்டியிலிருந்து வாங்காதீர்கள்.

கேசட்டுகளைக் கோப்பாக்கிய அன்றே பரணைக் காலி செய்யலாம் என்று அம்மாவிடம் சொன்னேன். அவர் கேட்கவில்லை, பழைய புடவையில் சுற்றி ஏற்றி வைத்துவிட்டார். நேற்று அந்த மூட்டையை நானே இறக்கினேன். காதுகுத்து கேசட்டின் ஓரத்தில் கொஞ்சம் பூஞ்சை. மயிலாப்பூரில் சுத்தம் செய்து தருகிற ஒருவர் இருக்கிறாராம். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.