1966 செஸ்னா 150: பழைய என்ஜின் மீட்டர்களில் எதைப் பழுது பார்த்தேன், எதை மாற்றினேன்

என்னிடம் இருப்பது 1966 மாடல் செஸ்னா 150எஃப், இரண்டு பேர் அமரும் சிறு விமானம். காண்டினென்டல் ஓ-200-ஏ என்ஜின், 100 குதிரைத்திறன். ஒஹாயோவில் ஒரு சின்ன விமானத் திடலில் நிற்கிறது. வாங்கும்போதே என்ஜினும் இறக்கைகளும் நல்ல நிலையில் இருந்தன. பேனலில் இருந்த மீட்டர்கள்தான் ஆளுக்கொரு கதை சொல்லிக்கொண்டிருந்தன. ஆயில் வெப்ப முள் பாதிக்கு மேல் ஏறாது, பெட்ரோல் முள் திருப்பத்துக்குத் திருப்பம் ஆடும், ஆர்பிஎம் முள் நடுங்கும். பல வருடமாக ஒவ்வொன்றாகச் சரிசெய்து பறந்த அனுபவத்தை, இதே வயதுள்ள விமானம் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் சட்டம். பகலில் சாதாரணமாகப் பறக்கவே ஆர்பிஎம், ஆயில் பிரஷர், ஆயில் வெப்பம், ஒவ்வொரு டேங்குக்கும் எரிபொருள் அளவு ஆகியவற்றைக் காட்டும் மீட்டர்கள் வேலை செய்தாக வேண்டும் என்கிறது அமெரிக்க விமானத்துறை நிர்வாகமான எஃப்ஏஏவின் விதி 91.205. உரிமம் பெற்ற மெக்கானிக் மீட்டரைக் கழற்றலாம், மாட்டலாம். அதைத் திறந்து உள்ளே கைவைக்க அவருக்கும் அனுமதி இல்லை. கருவிகளுக்கென்று சான்று பெற்ற பட்டறைக்குத்தான் அனுப்ப வேண்டும். மீட்டர் திரும்பி வரும்வரை விமானம் ஹேங்கரில்தான். அதனால் இந்த வேலைகளைக் குளிர்காலத்தில், வருடாந்திரப் பரிசோதனையோடு சேர்த்து வைத்துக்கொள்வதே நல்லது.

ஆயில் பிரஷர் மீட்டரை மாற்ற வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. உள்ளே இருப்பது வளைந்த தட்டைக் குழாய் ஒன்று, போர்டான் குழாய். என்ஜினிலிருந்து ஆயிலே நேராக அதற்குள் வருகிறது. அழுத்தம் கூடினால் குழாய் நிமிரப் பார்க்கிறது, சின்னப் பல்சக்கரம் வழியாக முள் நகர்கிறது. பேட்டரி செத்தாலும் ஜெனரேட்டர் போனாலும் இது காட்டிக்கொண்டே இருக்கும். இதில் நான் மாற்றியது மீட்டருக்கு வரும் லைனை மட்டும்தான். பழைய செம்புக் குழாய் அதிர்வில் இறுகி, வளைவுகளில் விரிசல் விடும். லைனைத் தொடும்போது என்ஜின் பக்க இணைப்பில் நுண்ணிய துளையுள்ள ரெஸ்ட்ரிக்டர் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். லைன் உடைந்தால் ஆயில் முழுவதும் மளமளவென்று கொட்டாமல் கசிவாக நிறுத்தி, இறங்க நேரம் கொடுப்பது அந்தத் துளைதான். கடுங்குளிரில் ஸ்டார்ட் செய்ததும் முள் எழச் சுணங்குகிறதா? லைனில் நிற்கும் ஆயில் கெட்டியாகியிருக்கலாம். மெக்கானிக் லைனை மெல்லிய ஆயிலால் நிரப்பிக் கொடுத்தபின் என் விமானத்தில் அந்தச் சுணக்கம் போய்விட்டது. சூடான என்ஜினில் 30 முதல் 60 பிஎஸ்ஐ, ஐடிலில் குறைந்தது 10. இன்றுவரை அந்த எல்லைக்குள் நிற்கிறது.

என்னை அதிகம் அலைக்கழித்தது ஆயில் வெப்ப மீட்டர். என் விமானத்தில் இருப்பது கேபிலரி வகை. என்ஜினின் பின்புறம் ஒரு குமிழ், அங்கிருந்து தலைமுடி போன்ற துளையுள்ள நீண்ட குழாய், முடிவில் மீட்டர். மூன்றும் பிரிக்க முடியாத ஒரே உருப்படி. எளிதில் ஆவியாகும் திரவம் உள்ளே அடைபட்டிருக்கும். சூட்டில் அதன் ஆவியழுத்தம் கூட, முள் ஏறும். எங்காவது குழாய் மடிந்து விரிசல் விட்டால் ஆவி போய்விடும், மீட்டரும் போய்விடும். குமிழைக் கழற்றும்போது குழாய் சேர்ந்து முறுக்கிக்கொள்ளாமல் நட்டை மட்டும் திருப்ப வேண்டும். அவசரக்கார மெக்கானிக்கிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

இதைச் சோதிக்க வெந்நீர் போதும். மின்கெட்டிலில் நீரைக் கொதிக்க வைத்து, ஒரு பாத்திரத்தில் ஊற்றி, குமிழையும் ஒரு நல்ல வெப்பமானியையும் பக்கம்பக்கமாகத் தொங்கவிட்டோம். வெப்பமானி 205 பாரன்ஹீட் காட்டும்போது மீட்டர் முள் 150-ஐ ஒட்டி நின்றது. நீர் ஆற ஆற இரண்டையும் குறித்துக்கொண்டே வந்தோம். சிவப்புக் கோடு 225-இல் இருக்கும் மீட்டர் இவ்வளவு குறைத்துக் காட்டினால், என்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதும் முள் பச்சையில் சுகமாக நிற்கும். பட்டறைக்கு அனுப்பினேன். முதலில் அனுப்பிய இடத்திலிருந்து ஓவர்ஹால் சான்றோடு திரும்பி வந்தது. வெந்நீரில் வைத்தால் அதே குறை. வேறு பட்டறைக்கு அனுப்பியபிறகுதான் சரியாக வந்தது. மீட்டர் எந்தச் சான்றோடு வந்தாலும், மாட்டுவதற்கு முன் வெந்நீர்ச் சோதனையைச் செய்துவிடச் சொல்லுங்கள். இன்னொன்று: இந்த வகை மீட்டரில் கோடுகள் கீழே நெருக்கமாகவும் மேலே அகலமாகவும் இருக்கும். ஆவியழுத்தத்தின் இயல்பு அது, குறையென்று நினைக்க வேண்டாம்.

ஆர்பிஎம் காட்டும் டாக்கோமீட்டரை மட்டும் தயங்காமல் மாற்றினேன். என்ஜின் வேகத்தில் பாதியில் சுழலும் கேபிள், மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுற்றுகிறது. காந்தம் அலுமினியக் கிண்ணத்தை இழுக்க, முள் நகர்கிறது. முள் நடுங்கினால் முதல் சந்தேகம் காய்ந்துபோன கேபிள் மேல்தான் வர வேண்டும். எங்களுக்கும் கேபிளுக்கு மசகிட்டதும் நடுக்கம் நின்றது. கணக்குத்தான் பொய்யாக இருந்தது. வயதான காந்தம் வலுவிழந்து முள் குறைத்துக் காட்டும். ஒளியால் அளக்கும் கைக்கருவியை கண்ணாடி வழியாக ப்ரொப்பெல்லரை நோக்கிப் பிடித்தபோது, பேனலில் 2500 என்றால் உண்மையில் நூறுக்கும் அதிகமாகவே கூடியிருந்தது. சிவப்புக் கோடு 2750. முள்ளை நம்பி எல்லைக்கு அருகே ஓட்டுபவர் எல்லையைத் தாண்டியிருப்பார், அவருக்குத் தெரியாது.

கருவி இல்லாதவர்கள் இரவில் பழைய பாதரச விளக்கின் கீழ் விமானத்துக்குள் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். அமெரிக்க மின்சாரத்தில் அது நொடிக்கு 120 முறை மினுக்கும். சரியாக 1800 ஆர்பிஎம்மில் இரண்டு இலை ப்ரொப்பெல்லர் நான்கு இலைகளோடு அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். அந்த நேரத்தில் முள் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் போதும்.

இப்போது அந்த இடத்தில் ஹொரைசன் பி-1000 டிஜிட்டல் மீட்டர் இருக்கிறது. ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோக்களின் கம்பிகளிலிருந்தே வேகத்தை எடுத்துக்கொள்வதால் கேபிள் தொல்லை இல்லை. இரண்டு மேக்னெட்டோக்களில் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கும் சோதனையில் எத்தனை ஆர்பிஎம் விழுந்தது என்பதை முள்ளைப் பார்த்து ஊகிக்காமல் எண்ணாகப் படிப்பது பெரிய நிம்மதி. பழைய மீட்டர் காட்டிய மொத்த மணிநேரத்தைப் பதிவேட்டில் எழுதி, புதியது எங்கிருந்து தொடங்குகிறது என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். பின்னால் விமானத்தை விற்கும்போது யாரும் சந்தேகப்படக் கூடாது.

பெட்ரோல் மீட்டரைப் பற்றிச் சுருக்கமாக: பேனலில் இருப்பதை வாங்கி மாற்றும் முன், இறக்கை அடியில் உள்புற மூடியைக் கழற்றி, மிதவையால் அளவை உணர்ந்து மீட்டருக்கு அனுப்பும் டேங்க் யூனிட்டைப் பாருங்கள். திருகுகளைச் சுற்றி நீலக்கறை இருந்தால் 100எல்எல் என்ற நீலநிற விமானப் பெட்ரோல் கசிகிறது, கேஸ்கெட் போய்விட்டது. எர்த் கம்பியின் முனையைச் சுத்தம் செய்ததிலேயே என் இடதுபக்க முள் அடங்கிவிட்டது. வலதுபக்கத்தில் மிதவைக் கையை மெல்ல ஏற்றி இறக்கி மல்டிமீட்டரில் பார்த்தால் ஓம்ஸ் நடுவில் அறுந்து அறுந்து வந்தது, கம்பி தேய்ந்துவிட்டது. யூனிட்டை மாற்றினோம், மீட்டரைத் தொடவே இல்லை. இப்போதும் அளவுக்குச்சியை டேங்கில் விட்டுப் பார்க்காமல் நான் கிளம்புவதில்லை.

பழைய மீட்டர்களைச் சந்தையில் வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1940-களின் மீட்டர் முகங்களில் ரேடியம் பூச்சு இருக்கலாம். ஒளிர்வது எப்போதோ நின்றிருக்கும், கதிர்வீச்சு நிற்காது; ரேடியம்-226-இன் அரை ஆயுள் சுமார் 1600 வருடம். கண்ணாடியைத் திறக்காதீர்கள், சுரண்டாதீர்கள். பல பட்டறைகள் அவற்றைத் தொடுவதே இல்லை.

பச்சை, சிவப்புக் கோடுகள் கண்ணாடி மேல் வரையப்பட்டிருந்தால், கண்ணாடிக்கும் கூட்டுக்கும் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு இருக்க வேண்டும். கண்ணாடி சற்றே திரும்பினாலும் அந்தக் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். ஓவர்ஹால் முடிந்து வரும்போது இதைத்தான் பலர் போட மறக்கிறார்கள்.

எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஜேபிஐ இடிஎம்-900 அல்லது எலெக்ட்ரானிக்ஸ் இன்டர்நேஷனல் சிஜிஆர்-30பி போல ஒரே திரையாக மாற்றலாமே என்று பலர் கேட்கிறார்கள். இரண்டுமே பழைய மீட்டர்களுக்குப் பதிலாக வைக்க அனுமதி பெற்றவை. நான்கு சிலிண்டரின் வெப்பத்தையும் தனித்தனியாகக் காட்டி, பதிவும் செய்யும். ஆனால் கூலியோடு சேர்த்தால் செலவு பல ஆயிரம் டாலர். 150-இன் விலையில் அது கணிசமான பங்கு. நீண்ட தூரம், மேகத்துக்குள் எல்லாம் பறப்பவருக்கு அது தகும். பகலில் பக்கத்து ஊர்களுக்குப் போய்வரும் என் பயன்பாட்டுக்கு, சோதித்துச் சரிசெய்த பழைய மீட்டர்களோடு, துணையாக சிலிண்டர் வெப்ப மீட்டர் ஒன்று போதும். அடுத்த குளிர்காலத்தில் அதைத்தான் பொருத்தப்போகிறேன்.