பளபளப்பைப் பார்த்து ஏமாந்தேன்: புல்லட்டுக்கு ரோலர் பிக் எண்ட் போடப் போகிறவர்களுக்கு

பழைய புல்லட்டின் பிக் எண்டில், அதாவது பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் அடிமுனையில், புஷ்ஷை (வழவழப்பான உலோக வளையம்) எடுத்துவிட்டு ரோலர் (உருளைகள் உள்ள பேரிங்) போட நினைக்கிறீர்களா? முன்பணம் கொடுப்பதற்குள் இதைப் படித்துவிடுங்கள். கோவையில் ஒரு பட்டறையில் 19,000 ரூபாய் அழுதேன். 1,400 கிலோமீட்டரில் இன்ஜினை மறுபடியும் பிரிக்க வேண்டியதாகிவிட்டது.

அப்பாவின் 1986 மாடல் 350 அது. அந்தக் கால சி.ஐ. (காஸ்ட் அயர்ன், வார்ப்பிரும்பு) இன்ஜினில் கனெக்டிங் ராடின் அடியில் ஃப்ளோட்டிங் புஷ்தான் இருக்கும். கிராங்க் பின்னோடும் (ராடின் அடிமுனை மாட்டியிருக்கும் எஃகுத் தண்டு) ஒட்டாமல் ராடோடும் ஒட்டாமல் நடுவில் தன்பாட்டுக்குச் சுற்றுகிற புஷ். அதற்கு எண்ணெய் தாராளமாக வேண்டும். ஆயில் பம்ப் தேய்ந்தால் அதற்குத்தான் முதல் அடி. ரோலர் குறைந்த எண்ணெயிலும் தாக்குப்பிடிக்கும் என்றார் பட்டறைக்காரர். அது பொய்யில்லை. ஆனால் ரோலர் ஓடும் பரப்பு எவ்வளவு வழவழப்பாக இருக்க வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

கிராங்க் பின்னை என் கையில் கொடுத்து, "கண்ணாடி மாதிரி இருக்கு பாருங்க சார், மூஞ்சியே தெரியுது" என்றார். தெரிந்தது. அதோடு ஸ்பேருக்கு இன்னொரு பின்னும் வாங்கிக்கொண்டேன், பெரிய புத்திசாலி மாதிரி.

900 கிலோமீட்டர் தாண்டியதும் மேட்டில் ஏறும்போது அடியிலிருந்து தட்டுகிற சத்தம். "டேப்பட்தான் சார்" என்று பட்டறைக்காரர் வால்வ் இடைவெளியை அட்ஜஸ்ட் செய்து அனுப்பிவிட்டார். சத்தம் கூடிக்கொண்டே போனது. ஒருநாள் நானே ஆயிலை இறக்கி அதில் காந்தத்தை விட்டேன். மீசை முளைத்தது போலத் துகள் அப்பிக்கொண்டு வந்தது. பிஸ்டன் அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது, இது எஃகு. பிரித்துப் பார்த்தால் பின்னில் ரோலர் ஓடிய தடம் முழுக்கச் செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தது.

டூல் ரூமில் வேலை செய்யும் நண்பரிடம், ஓடாத அந்த ஸ்பேர் பின்னைக் கொடுத்தேன். கடினம் ராக்வெல் சி அளவில் 60, குறையே இல்லை. சொரசொரப்பு மீட்டரை வைத்தால் ஆர்.ஏ. (பரப்பின் மேடுபள்ளங்களின் சராசரி அளவு) 0.8 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ரோலர் ஓடும் இடத்தில் 0.2, அல்லது அதற்கும் கீழே இருக்க வேண்டும். ரோலருக்கும் பின்னுக்கும் நடுவே நிற்கும் எண்ணெய்ப் படலமே பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்குள்தான். மேடுகள் அதைத் துளைத்துக்கொண்டு ரோலரில் உரசும். அப்புறம் நுண்ணிய குழிகள், அப்புறம் செதில். நயமாகக் கிரைண்டிங் செய்து முடிக்காமல், லேத்தில் சுற்றவிட்டு எமரி ஷீட்டால் தேய்த்துப் பளபளப்பு ஏற்றியிருக்கிறார்கள். ஆயில் ஓட்டைக்குள் எமரித் தூள் அப்படியே இருந்தது!

இன்னொன்றையும் அன்றுதான் கற்றுக்கொண்டேன். மைக்ரோமீட்டரில் எந்தப் பக்கம் அளந்தாலும் பின் ஒரே விட்டம் காட்டியது. அதையே வி-பிளாக்கில் (வி வடிவப் பள்ளமுள்ள தாங்கி) வைத்து டயல் கேஜுக்கு அடியில் உருட்டினால், ஒரு சுற்றுக்கு மூன்று முறை முள் ஏறி இறங்கியது. அதாவது பின் வட்டமே இல்லை, மூன்று மேடுள்ள உருவம். சென்டர்லெஸ் கிரைண்டிங்கில் (பின்னை மையத்தில் பிடிக்காமல் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே சுற்றவிட்டுத் தேய்ப்பது) செட்டிங் சரியில்லை என்றால் இப்படி வரும், மைக்ரோமீட்டர் இதைப் பிடிக்காது என்றார் நண்பர்.

பட்டறைக்காரரிடம் இதையெல்லாம் காட்டினேன். "நீங்க போட்ட ஆயில் சரியில்லை" என்றார். பணம் திரும்பவில்லை.

அதனால் சொரசொரப்பு எவ்வளவு என்று கேளுங்கள். பில்லில் எழுதச் சொல்லுங்கள். வி-பிளாக்கில் உருட்டிக் காட்டச் சொல்லுங்கள். நயமாகச் செய்கிறவர் இதற்குக் கோபப்பட மாட்டார். ஏற்கெனவே ரோலர் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தால், 500 கிலோமீட்டரிலேயே ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டில் இறக்கிக் காந்தத்தை விட்டுப் பாருங்கள். மீசை முளைத்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்குப் போங்கள். ராடு உடைந்து கிராங்க் கேஸைத் துளைத்துவிட்டால் செலவு 19,000-த்தோடு நிற்காது.