நம் சேவ் ஃபைலைத் திறக்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? மாஸ் எஃபெக்ட், டிராகன் ஏஜ், விட்சர் 2 பூட்டுகள் ஓர் ஒப்பீடு

கேம்களைத் திருட்டுப் பிரதி எடுக்க விடாமல் கம்பெனிகள் போடுகிற பூட்டுகளின் மேல் எல்லா கேமர்களுக்கும் கோபம் உண்டு, ஆனால் ஆர்பிஜி, அதாவது ஒரு கதாபாத்திரமாகவே வாழ்ந்து ஆடுகிற நீண்ட கதை கேம், ஆடுகிறவர்களின் கோபம் தனி ரகம். ஒரு துப்பாக்கிச் சண்டை கேமை எட்டு மணி நேரத்தில் முடித்துவிட்டு டிஸ்க்கைத் தூக்கி அலமாரியில் போட்டுவிடலாம், அது மறுபடி ஓடுமா ஓடாதா என்பதைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. ஆர்பிஜியில் அறுபது எழுபது மணி நேரம் போகும். அதோடு முடியாது, இரண்டு வருடம் கழித்து அடுத்த பாகம் வந்து "பழைய சேவ் ஃபைல் இருக்கா?" என்று கேட்கும் (எதுவரை ஆடினோம், என்ன முடிவெடுத்தோம் என்பதைப் பதிந்துவைக்கிற ஃபைல் அது). மாஸ் எஃபெக்ட், டிராகன் ஏஜ், விட்சர் மூன்றுமே முதல் பாகத்தில் நாம் எடுத்த முடிவுகளை இரண்டாம் பாகத்துக்குள் கொண்டுபோக விடுகிற கேம்கள்.

அதனால் இந்த மூன்றையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் அளக்கிறேன்: காசு கொடுத்து வாங்கியவன் தன் சேவ் ஃபைலைத் திறக்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது? திருட்டுக் காப்பியைத் தடுத்ததா என்ற கேள்விக்கு மூன்றிலும் ஒரே பதில்தான், தடுக்கவில்லை. அதில் ஒப்பிட ஒன்றுமில்லை.

மாஸ் எஃபெக்ட்: மூன்று கம்ப்யூட்டர் கணக்கு

எக்ஸ்பாக்ஸ் 360-இல் 2007 நவம்பரில் வந்த கேம், பிசிக்கு 2008 மே கடைசியில் வந்தது. வருவதற்குச் சில வாரம் முன்னால்தான் கேமைச் செய்த பயோவேர் தரப்பிலிருந்து பூட்டின் விவரம் வெளியே வந்தது. செக்யூரோம் என்ற பூட்டு மென்பொருளைப் போடுகிறோம், முதல் தடவை நெட்டில் ஆக்டிவேட் செய்ய வேண்டும், அதற்கப்புறம் பத்து நாளுக்கு ஒரு முறை கேம் தானாகவே சர்வரைக் கேட்டுக்கொள்ளும், கேட்க முடியாமல் போனால் நெட் கிடைக்கும்வரை ஓடாது. தனியாக உட்கார்ந்து ஆடுகிற கேம் இது, மல்டிபிளேயர் கிடையாது. வெளிநாட்டில் பணியில் இருக்கிற ராணுவத்தினர், நெட் சரியாக வராத இடங்களில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரே குரலில் "அப்போ எங்களுக்கு விற்க மாட்டீர்களா?" என்று கேட்டார்கள். சில நாளிலேயே வெளியீட்டாளரான ஈஏ பின்வாங்கியது. பத்து நாள் சோதனை போய், மூன்று கம்ப்யூட்டர் வரை ஆக்டிவேட் செய்யலாம், அதற்குமேல் வேண்டுமானால் வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிட வேண்டும் என்று ஆனது.

இங்கேதான் ஆடுகிறவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். மூன்று கம்ப்யூட்டருக்கு மேல் யாருக்கு வேண்டும், இது நியாயமான எல்லைதான் என்பது ஒரு கட்சி. பத்து நாள் சோதனையைப் பார்த்துப் பயந்துபோயிருந்ததால் மூன்று என்பது அவர்களுக்குச் சலுகையாகவே தெரிந்தது (முதலில் கொடூரமான ஒன்றைச் சொல்லி, அப்புறம் அதைவிடக் கொஞ்சம் குறைந்ததைக் கொடுப்பது பேரத்தில் பழைய வித்தைதான்). இன்னொரு கட்சி, மூன்று என்பது மூன்று கம்ப்யூட்டர் அல்ல, மூன்று மாற்றம் என்று சொன்னது. முக்கியமான பாகங்களை மாற்றினாலோ விண்டோஸை மறுபடி போட்டாலோ சர்வர் கண்ணுக்கு அது புது மெஷினாகத் தெரியலாம். கேமை அன்இன்ஸ்டால் செய்தாலும் போன ஆக்டிவேஷன் ஆரம்பத்தில் திரும்பி வரவில்லை. அதைத் திரும்பப் பெற ஈஏ தனியாக ஒரு டூல் கொடுத்தது 2009-இல்தான்.

நான் இரண்டாவது கட்சி. காரணம் சேவ் ஃபைல்தான். இரண்டாம் பாகம் 2010-இல், மூன்றாம் பாகம் 2012-இல். யாரைக் காப்பாற்றினோம், யாரைச் சாகவிட்டோம் என்பதெல்லாம் முதல் பாகத்திலிருந்தே வருகிற கதை. வேறு முடிவுகள் எடுத்த ஒரு ஷெப்பர்டோடு (நாம் ஆடுகிற நாயகனின் பெயர்) மூன்றாம் பாகத்தை ஆட ஆசைப்பட்டால் முதல் பாகத்திலிருந்து தொடங்க வேண்டும். நாலு வருடத்துக்குள் கம்ப்யூட்டரில் எதையுமே மாற்றாதவர் எத்தனை பேர்? வேடிக்கை என்னவென்றால் 2010-இல் வந்த இரண்டாம் பாகத்தின் பெட்டிப் பதிப்பில் சாதாரண டிஸ்க் சோதனை மட்டும்தான், ஆக்டிவேஷன் எண்ணிக்கையே கிடையாது. அதாவது கதையின் நடுப்பகுதிக்கு எளிய பூட்டு, அது தொடங்குகிற இடத்தில் கெட்டிப் பூட்டு.

டிராகன் ஏஜ்: வாசல் திறந்திருக்கும், உள்ளறை பூட்டியிருக்கும்

முதல் பாகமான ஆரிஜின்ஸ் 2009 நவம்பரில் வந்தபோது எல்லாரும் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள். டிஸ்க்கைப் போடு, ஆடு. ஆக்டிவேஷன் இல்லை, மூன்று என்ற எண் இல்லை. ஈஏவின் இன்னொரு கேமான ஸ்போர் இதே மாதிரிப் பூட்டோடு வந்தபோது அமேசானில் ஒற்றை நட்சத்திரமாகக் கொட்டித் தீர்த்தார்களே, அந்தக் கோபத்துக்குப் பலன் கிடைத்துவிட்டது என்றே பலர் நினைத்தார்கள்.

ஆனால் பூட்டு காணாமல் போகவில்லை, இடம் மாறியிருந்தது. புதுப் பெட்டி வாங்கினால் ஷேல் என்ற கல் பொம்மைத் துணைவன் வருகிற பகுதியை இறக்கிக்கொள்ள ஒரு ரகசிய எண் (கோட்) கிடைக்கும், ஒரே ஒரு முறைதான் பயன்படும். பழைய காப்பி வாங்கியவர் அதற்குத் தனியாக 15 டாலர் கொடுக்க வேண்டும். போதாததற்கு, நம் கூடாரத்திலேயே ஓர் ஆள் வந்து நின்று, தன் குடும்பத்துக்கு நேர்ந்த அநியாயத்தை உருக்கமாகச் சொல்லி உதவி கேட்பான், சரி என்று நாம் ஒப்புக்கொண்டால் அங்கே கடை விரியும், காசு கொடுத்து இறக்கிக்கொள் என்று. அந்தக் காலத்து ஆர்பிஜி ரசிகர்கள் எதை மறந்தாலும் இதை மறக்க மாட்டார்கள்.

இப்படித் தனியாக இறக்கிக்கொள்கிற கூடுதல் பகுதிகள், அதாவது இணைப்புகள், எல்லாம் நம் ஈஏ கணக்கோடு கட்டப்பட்டவை. சேவ் ஃபைலுக்குள் இணைப்பில் கிடைத்த ஒரு கவசமோ வாளோ இருந்தால், இணைப்புக்கு அனுமதி உண்டு என்று சர்வர் சொல்ல வேண்டும். 2011 ஏப்ரலில் அந்த சர்வர் பல நாள் சரியாக வேலை செய்யவில்லை. விளைவு, முழுக் காசும் கொடுத்து எல்லா இணைப்பையும் வாங்கியவர்களுடைய சேவ் ஃபைல்கள்தான் திறக்கவில்லை. இணைப்பே வாங்காதவர்கள் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள், பூட்டை உடைத்த கிராக் பதிப்பு வைத்திருந்தவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். யார் அதிகம் செலவழித்தார்களோ அவர்களுக்குத்தான் அதிக அடி. கடைசியில் அவர்களில் சிலர், இணைப்புகளின் பட்டியல் இருக்கிற ஒரு எக்ஸ்எம்எல் ஃபைலைத் திறந்து, அனுமதி தேவை என்று சொல்கிற இடத்தில் 1 என்பதை 0 என்று மாற்றி ஆடினார்கள். வாங்கிய பொருளைப் பயன்படுத்துவதற்கே கள்ளச்சாவி போட வேண்டியிருந்தது.

இரண்டாம் பாகத்தில் இது இன்னும் ஒரு படி மேலே போனது. 2011 மார்ச்சில் ஒருவர் கம்பெனியின் விவாதக் களத்தில் ஏதோ காட்டமாக எழுதி 72 மணி நேரத் தடை வாங்கினார். விவாதக் களக் கணக்கும் கேம் கணக்கும் ஒன்றேயானதால் கேமும் சேர்ந்து பூட்டிக்கொண்டது. பிழையால் நடந்தது என்று ஈஏ விளக்கம் சொன்னது. பிழைதான், நம்புகிறேன். ஆனால் அப்படி ஒரு பிழை நடக்க முடிகிற மாதிரி கட்டியதை என்னவென்று சொல்வது?

ஆடுகிறவர்கள் கருத்தில் மாஸ் எஃபெக்ட்தான் பெரிய வில்லன், டிராகன் ஏஜ் நல்ல பிள்ளை. என் கணக்கு தலைகீழ். மாஸ் எஃபெக்ட் தன் பூட்டை வாசலிலேயே காட்டியது, பிடிக்காதவர் வாங்காமல் போகலாம். டிராகன் ஏஜின் பூட்டு எழுபது மணி நேரம் ஆடிய பிறகு, சர்வர் படுத்த அன்றைக்குத்தான் கண்ணில் படும்.

விட்சர் 2: ஒரே கேம், இரண்டு கடை

இது கிட்டத்தட்ட ஒரு பரிசோதனை மாதிரியே அமைந்துவிட்டது. 2011 மே 17 அன்று ஒரே கேம் இரண்டு விதமாக விற்பனைக்கு வந்தது. கடைப் பெட்டியில் செக்யூரோம் ஆக்டிவேஷன். கேமைச் செய்த சிடி ப்ரொஜெக்டின் அன்றைய சொந்த ஆன்லைன் கடையான ஜிஓஜியில் பூட்டே இல்லாத பதிப்பு, இறக்கினால் உன்னுடையது, யாருக்கும் ஒரு பிரதி போட்டுக் கொடுக்கலாம், தடுக்க ஒன்றுமில்லை. திருட்டுச் சந்தையில் முதலில் எது பரவியிருக்கும்? ஜிஓஜி பதிப்பு என்றுதான் யாரும் சொல்வார்கள். நடந்தது வேறு: கடைப் பெட்டியின் பூட்டை உடைத்த பதிப்புதான் பரவியது. பூட்டே இல்லாததைப் பரப்புவதில் கிராக் குழுக்களுக்கு என்ன பெருமை?

அந்த மாதக் கடைசியிலேயே வந்த 1.1 பேட்ச் என்ற திருத்தம், பெட்டிப் பதிப்பிலிருந்தும் பூட்டைக் கழற்றிவிட்டது. கேம் சீக்கிரம் திறக்கிறது, ஃப்ரேம் ரேட் கூடியிருக்கிறது என்று வாங்கியவர்கள் எழுதினார்கள். இதற்கு நடுவில் பூசலும் உண்டு. ஐரோப்பாவில் பெட்டியை விற்ற நாம்கோ பண்டாய் பிரான்சில் வழக்குக்குப் போனது, பூட்டைக் கழற்றியதும் அதில் ஒரு புகார். பூட்டு வேண்டும் என்பது எப்போதும் கேம் செய்கிறவனின் விருப்பமாக இருப்பதில்லை, விற்கிறவனின் ஒப்பந்தத்திலும் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய இன்னொரு சம்பவம் எனக்குத் தெரியாது.

சிடி ப்ரொஜெக்டுக்கு இந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு பின்கதை உண்டு. 1994-இல் தொடங்கியபோது அவர்கள் வார்சாவில் வெளிநாட்டு கேம்களை வாங்கி விற்கிற கம்பெனி. போலந்தின் கணினிச் சந்தைகள் நம் பர்மா பஜாரின் பழைய நாட்களைப் போல, எது வேண்டுமானாலும் திருட்டு சிடியில் கிடைக்கும். அங்கே பால்டர்ஸ் கேட்டை விற்க அவர்கள் கண்டுபிடித்த வழி, கேமை முழுக்கப் போலிஷ் மொழிக்குக் கொண்டுவந்து, பியோட்டர் ஃப்ரோன்செவ்ஸ்கி போன்ற பிரபல நடிகர்களைக் குரல் கொடுக்க வைத்து, வரைபடமும் கையேடும் வைத்த கனமான பெட்டியாகக் கொடுத்தது. கள்ள சிடிக்காரன் கொடுக்க முடியாததைக் கொடுத்தார்கள்.

அதற்காக இவர்களைத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் வேண்டாம். அதே 2011 கடைசியில், ஃபைல்களைப் பகிர்கிற டோரன்ட் வழியாக விட்சர் 2 இறக்கியதாகச் சொல்லி ஜெர்மனியில் பலருக்கு வக்கீல் நோட்டீஸ் போனது, சுமார் 900 யூரோ கட்டு என்று. செய்யாதவர்களுக்கும் நோட்டீஸ் வந்திருக்கிறது என்ற கூச்சல் எழுந்து, 2012 ஜனவரியில் கம்பெனியின் இணை நிறுவனர் மார்சின் இவின்ஸ்கி திறந்த கடிதம் எழுதி அதை நிறுத்தினார். கிட்டத்தட்ட 45 லட்சம் திருட்டுக் காப்பி போயிருக்கும் என்று அவரே மதிப்பிட்டிருந்தார், டோரன்ட் எண்ணிக்கையை வைத்துப் போட்ட தோராயக் கணக்கு அது. ஆக, பூட்டை எடுத்ததால் திருட்டு நிற்கவில்லை. வாங்கியவனுக்குத் தொல்லை நின்றது, அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

மறுபக்கத்தின் வாதம்

கேம் செய்கிறவர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். டைட்டன் குவெஸ்ட் செய்த அயர்ன் லோர் 2008-இல் மூடப்பட்டபோது, வெளியீட்டாளரான டிஹெச்க்யூவின் மைக்கேல் ஃபிட்ச் வயிறெரிந்து எழுதினார். திருட்டுப் பதிப்பு பாதுகாப்புச் சோதனையில் மாட்டிப் பாதியில் நின்றுவிடும், அதை ஆடியவர்கள் "இந்த கேம் ஒரே பிழை" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள் என்பது அவர் புகார். உண்மையான வலிதான். ஆனால் அதற்குள்ளேயே பதிலும் இருக்கிறது: பூட்டு வேலை செய்தது, செய்த வேலை கேமின் பெயரைக் கெடுத்தது.

டையப்லோ 3 பற்றி ஒரு வார்த்தை. 2012 மே 15, தனியாக ஆடவும் சர்வர் வேண்டும், முதல் நாளே சர்வர் திணறி உள்ளே விடாமல் காட்டிய எர்ரர் 37. தென்கொரியாவில் வணிகப் போட்டி ஆணையம் விசாரணைக்கே போனது. ஏமாற்று வேலையைத் தடுக்கத்தான் இப்படி என்றார்கள் கேமைச் செய்தவர்கள், கேம் பொருட்களை நிஜக் காசுக்கு விற்கிற ஏலக்கடை இருந்தவரை அதில் ஓரளவு அர்த்தமும் இருந்தது. அடுத்த வருடம் பிளேஸ்டேஷன் 3-இலும் எக்ஸ்பாக்ஸ் 360-இலும் அதே கேம் நெட்டே இல்லாமல் ஓடியது. மேற்கொண்டு நான் என்ன சொல்ல?

இப்போது வாங்குவதானால்

பழைய டிஸ்க் பெட்டிகளை ஆடுவதற்காக வாங்காதீர்கள், அலமாரியில் அழகாக இருக்கும் என்பதற்காக வாங்குங்கள். 2015-இல் விண்டோஸ் 10 வந்தபோது சேஃப்டிஸ்க் என்ற இன்னொரு பூட்டும் செக்யூரோமின் சில பழைய வகைகளும் அதில் ஓடாது என்று மைக்ரோசாஃப்ட் சொல்லிவிட்டது. அதன்பிறகு அந்தக் காலத்துப் பெட்டி ஒவ்வொன்றும் ஒரு சூதாட்டம்.

விட்சர் 2 ஜிஓஜியில். டிராகன் ஏஜ் ஆரிஜின்ஸும் அங்கேயே, எல்லா இணைப்பும் சேர்ந்த பதிப்பாக, கணக்கு அனுமதி கேட்காமல் கிடைக்கிறது. 2011-இல் மாட்டிக்கொண்டவர்களுக்கு இது அப்போதே கிடைத்திருக்க வேண்டியது. இரண்டுக்கும் ஆஃப்லைன் இன்ஸ்டாலரை இறக்கி ஒரு தனி ஹார்ட் டிஸ்கில் போட்டு வையுங்கள், சேவ் ஃபோல்டரையும் கூடவே. மாஸ் எஃபெக்ட்டுக்கு 2021-இல் வந்த லெஜண்டரி எடிஷன்தான் வழி, மூன்று பாகமும் ஒரே பெட்டியில், சேவ் ஃபைல் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகும், படமும் பளிச்சென்று இருக்கும். ஆனால் ஸ்டீமில் வாங்கினாலும் ஈஏ ஆப் நடுவில் வந்து உட்காரும். கதைக்காக அதைச் சகித்துக்கொள்ளலாம் என்பது என் தீர்ப்பு, தள்ளுபடி விலையில் மட்டும்.