டிராயரில் ஒன்று, காதில் இரண்டு: நாலு வருடக் காது மெசின் அனுபவம்

"நான் சொன்னா மட்டும் உங்களுக்குக் காது கேட்காது." எங்கள் வீட்டில் பத்து வருடமாக ஓடிய புகார் இது. ஒட்டுக்கடையில் நாலு ஆண்கள் பேசினால் எனக்கு நன்றாகவே கேட்கும். மின்னல் எஃப்எம் செய்தியும் கேட்கும். மனைவி சமையலறையிலிருந்து சொல்வதும் பேத்தி மடியில் உட்கார்ந்து சொல்வதும்தான் கேட்காது. அதனால் வேண்டுமென்றே செய்கிறேன் என்று மனைவி முடிவு கட்டிவிட்டாள். எனக்கே சில நாள் அந்தச் சந்தேகம் வந்ததுண்டு.

சுங்கை சிப்புட்டில் வீடு. செம்பனை ஆலையில் 28 வருடம் வேலை, பாதிக்கு மேல் பாய்லர் பக்கம். பழக்குலைகளை அவிக்கிற கலத்திலிருந்து நீராவியைத் திறந்துவிடும்போது எழுகிற சத்தம், அங்கே நின்றவர்களுக்குத்தான் தெரியும். இயர் ப்ளக் கொடுத்தார்கள், இல்லையென்று சொல்ல மாட்டேன். லாக்கரில் பத்திரமாக இருந்தது. மலேசியாவில் வேலையிடச் சத்தம் பற்றிய 1989 விதிமுறையில் எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் வரம்பு. 2019இல் வந்த புதிய விதிமுறை அதை 85 ஆக்கியது. ஐந்துதானே குறைந்தது என்று நினைக்கக் கூடாது. டெசிபலில் 3 கூடினாலே ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்கு.

முதல் மெசினை வாங்கியது வெட்கத்தில். அதை ஒளிக்க என்ன காரணம் என்று இப்போது யோசித்தால் சிரிப்புதான் வருகிறது. மூக்குக் கண்ணாடியை நாற்பது வயதிலிருந்து மாட்டிக்கொண்டு திரிகிறேன், அதற்கு யாரும் ஒன்றும் சொன்னதில்லை. ஆனாலும் கடைக்காரர் "வெளியே தெரியவே தெரியாது" என்று சொன்னதும் மனம் அங்கேயே விழுந்துவிட்டது. காதுத் துவாரத்துக்குள் முழுசாகப் போகிற வகை. செலவைக் குறைக்க வலது காதுக்கு மட்டும் ஒன்று, 4,200 வெள்ளி (ரிங்கிட்). சோதனை பத்து நிமிடத்தில் முடிந்தது. கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு பொத்தானைத் தட்டினார், அவ்வளவுதான்.

ஏழு மாதம் போராடினேன். என் குரல் எனக்கே குடத்துக்குள் பேசுவதுபோல் கேட்டது. முறுக்கு கடித்தால் கல் உடைக்கிற சத்தம். அதற்குப் பத்தாம் நம்பர் பேட்டரி, மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியது, பச்சைப் பயற்றை விடக் கொஞ்சம்தான் பெரியது. ஸ்பேனர் பிடித்துக் காய்த்துப்போன விரல்களால் அதை எடுத்து மூடிக்குள் வைப்பதற்குள் இரண்டு தடவை தரையில் விழும். அப்புறம் கட்டிலுக்கடியில் டார்ச் அடித்துத் தேடல். ஒரு காதில் மட்டும் போட்டதால் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறதென்றும் தெரியவில்லை. பாசார் முன்னால் சாலையைக் கடக்கும்போது இடது பக்கம் வந்த லோரியை வலது பக்கம் திரும்பித் தேடினேன். அன்றோடு அது டிராயருக்குப் போனது.

நடுவில் மகன் இணையத்தில் 80 வெள்ளிக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தான். அது மெசின் இல்லை, ஒலிபெருக்கி. விசிறிச் சத்தம், தட்டுச் சத்தம், பேச்சு எல்லாவற்றையும் ஒன்றாகத் தூக்கித் தலைக்குள் கொட்டியது. அதைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாவது தடவை ஒழுங்காகப் போனேன். முதலில் காது மூக்கு தொண்டை டாக்டர். குறும்பியை எடுத்து, சவ்வைப் பார்த்து, மருந்தால் தீரும் கோளாறு இல்லையென்று உறுதி செய்தார். (திடீரென்று ஒரே நாளில் காது அடைத்துப்போனாலோ, சீழ் வந்தாலோ, ஒரு காதில் மட்டும் இரைச்சல் இருந்தாலோ மெசின் கடைக்குப் போகவே கூடாது, நேராக டாக்டரிடம்தான். அதுவும் திடீர் அடைப்பில் நாள் தாமதித்தால் போன கேள்விச் சக்தி திரும்புவது கஷ்டம்.) அப்புறம் ஈப்போவில் ஆடியோலஜிஸ்ட், அதாவது செவித்திறனைச் சோதிக்கும் நிபுணர். சின்ன வயது மலாய்ப் பெண். சத்தம் புகாத அறையில் முக்கால் மணி நேரம் உட்கார வைத்தார். முடிவை வரைபடமாகக் காட்டி, "பக்சிக் (மாமா), கிலாங்கில் (தொழிற்சாலையில்) வேலை செய்தீர்களா?" என்று கேட்டார். நான் சொல்லவே இல்லை. கோடு தாழ்ந்த ஒலிகளான 500, 1000 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்டச் சரியாகப் போய், 2000இல் சரிந்து, 4000இல் 70 டெசிபல் பள்ளத்தில் விழுந்து, 8000இல் கொஞ்சம் ஏறியது. அந்த 4000 பள்ளம் பெரும்பாலும் சத்தத்தில் வேலை செய்த காதின் கைரேகையாம்.

பத்து வருடப் புகாருக்கும் அதே தாளில் விடை இருந்தது. பேச்சில் அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகள் தாழ்ந்த அலைவரிசையில் பலமாக வரும். ச, ட, த, க, ப என்று சொல்லைப் பிரித்துக் காட்டுகிற ஒலிகள் உயர்ந்த பக்கத்தில், மெல்லிசாக இருக்கும். எனக்கு உயிர் கேட்டது, மெய் கேட்கவில்லை. கடை, படை, தடை மூன்றும் எனக்கு 'அடை'தான். ஆண் குரல் கனத்தது, ஒப்பேற்றிவிடலாம். பெண் குரலும் பிள்ளைக் குரலும் மேலே நிற்பவை, அதுவும் பக்கத்து அறையிலிருந்து வந்தால் கேட்கவே வேண்டாம். வரைபடத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியிடம் காட்டினேன். "இதுக்கு ஒரு பேப்பர் வேறயா" என்றாலும் அன்றிலிருந்து பக்கத்தில் வந்து முகத்தைப் பார்த்துப் பேசுகிறாள்.

சொல் சோதனை மலாயில் நடந்தது. நான் நன்றாகவே செய்தேன். "வீட்டில் என்ன மொழி?" என்று கேட்ட அந்தப் பெண், அடுத்த முறை மனைவியை அழைத்துவரச் சொல்லி, அவளைத் தமிழில் பேச வைத்து டியூன் செய்தார். மெசின் தேர்வு செய்யப் போகிறவர்கள், யார் குரலைக் கேட்கத்தான் அத்தனை காசு கொடுக்கிறீர்களோ அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

எனக்குக் காட்டப்பட்டவை இரண்டு. ஒன்று, காதுக்குப் பின்னால் சின்ன உடல், ஒலி எழுப்பும் ரிசீவர் மெல்லிய கம்பி வழியாகத் துவாரத்துக்குள் போகும் வகை. மற்றது, எல்லாமே பின்னால் இருந்து, குழாய் வழியாக மோல்டுக்கு (காதின் அளவுக்கு வார்த்த அச்சு) ஒலி வரும் பழைய பாணி. இரண்டையும் இரண்டிரண்டு வாரம் போட்டுப் பார்க்க விட்டார்கள். முதல் வகையில் சத்தம் இயல்பாக இருந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் எனக்கு வியர்வையும் குறும்பியும் அதிகம், ரிசீவர் உட்கார்வது அந்த ஈரத்துக்குள். இரண்டாவது வாரமே ஒருபக்கம் அடைத்துக்கொண்டது. அதனால் குழாய் வகையை எடுத்தேன், இரண்டு காதுக்கும், ஒன்று 3,600 வெள்ளி. மோல்டில் பெரிய துளை விட்டிருப்பதால் குடத்துக்குள் பேசுகிற சத்தம் போய்விட்டது. ஆரஞ்சு ஸ்டிக்கர் பேட்டரி, பதின்மூன்றாம் நம்பர், என் விரலுக்கு அடங்குகிறது. ஸ்டிக்கரைப் பிரித்து ஒரு நிமிடம் காற்றுப்பட விட்டுத்தான் மூடுவேன். பிரித்ததும் பேட்டரி வேலை செய்ய ஆரம்பித்துவிடும், மறுபடி ஒட்டினாலும் பயனில்லை.

விலையை விட முக்கியமானது அன்று செய்த ஒரு அளவெடுப்பு. நூல்போல ஒரு சிலிக்கான் குழாயைக் காதுக்குள் விட்டு, மெசினையும் மாட்டி, சவ்வுக்குப் பக்கத்தில் எவ்வளவு ஒலி சேர்கிறது என்று நேரடியாக அளந்தார்கள். கம்ப்யூட்டர் சொன்னதற்கும் என் காதில் சேர்ந்ததற்கும் 4000 ஹெர்ட்ஸில் நல்ல வித்தியாசம். ஆலையில் பிரஷர் கேஜ் பார்க்காமல் வால்வைத் திறந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். முதல் கடையில் நடந்தது அதுதான். இந்த அளவெடுப்பு உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் விலை குறைவாக இருந்தாலும் வேறு இடம் பாருங்கள்.

முதல் நாள் காடியில் வீடு திரும்பும்போது டிக் டிக் என்று ஏதோ சத்தம். எஞ்சினில் கோளாறு என்று ஓரம் கட்டினேன். சிக்னல் விளக்கு! ஈப்போவில் திரும்பியபோது போட்டதை அணைக்காமலே வந்திருக்கிறேன். எத்தனை வருடம் அப்படி ஓட்டினேனோ, பின்னால் வந்தவர்களுக்குத்தான் வெளிச்சம்.

ஒரு மாதம் எல்லாமே தொந்தரவாக இருந்தது. செய்தித்தாள் புரட்டினால் தகரம் மடக்குவதுபோல் கேட்டது. அதனால் மாலையில் மட்டும் போட்டேன். "தினமும் எட்டு மணி நேரம் போடுகிறேன்" என்று ஈப்போவில் சொன்னபோது, அந்தப் பெண் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார்: சராசரி 3 மணி. மெசின் உள்ளுக்குள் கணக்கு வைக்கிறது. பொய் சொல்ல முடியாது. காலையில் பசியாறும்போதே மாட்டிவிடப் பழகியபின்தான் மூளை வழிக்கு வந்தது.

நாலு வருடத்தில் குறைகளும் உண்டு. கல்யாண மண்டபத்தில் இன்னும் திணறல்தான், எந்த மெசினும் அங்கே அதிசயம் செய்யாது. சுவரை முதுகுக்கு வைத்து, பேசுகிறவர் எதிரில் உட்கார்ந்தால் சமாளிக்கலாம். தைப்பூசத்தில் உறுமி மேளம் பக்கத்தில் வந்தால் கழற்றிப் பெட்டியில் போட்டுவிடுவேன். கப்சாய் மோட்டார் சைக்கிளில் போக ஹெல்மெட் மாட்டும்போதும் அப்படியே, இல்லையென்றால் கீச்சென்று கத்தும். போனைக் காதில் வைத்தால் கேட்காது, மைக் காதுக்கு மேலே இருப்பதால் அங்கே வைக்க வேண்டும். பார்க்கிறவர்களுக்கு நான் தலையைச் சொறிவதுபோல் இருக்கும். நம் ஊர் ஈரத்தில் குழாய்க்குள் நீர்த்துளி தேங்கும். சின்ன ரப்பர் பம்பால் ஊதிவிட்டு, இரவு சிலிக்கா ஜெல் டப்பாவுக்குள் வைக்கிறேன். குழாய் ஆறு மாதத்தில் விறைத்துவிடும், மாற்ற வேண்டும்.

ஆலைகளில் இன்னும் வேலை செய்கிறவர்களுக்கு ஒன்று. சத்தத்தால் வரும் செவித்திறன் இழப்பு சொக்சோவின் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) தொழில்நோய்ப் பட்டியலில் உள்ளது. வேலையில் எடுக்கும் ஆடியோகிராமின் (காதுச் சோதனை வரைபடம்) நகலை வருடா வருடம் கேட்டு வாங்கி வையுங்கள். நான் ஒன்றுகூட வாங்கி வைக்கவில்லை.

போன வாரம் ஒட்டுக்கடையில் பழைய பாய்லர் கூட்டாளி என் காதைப் பார்த்து, "அண்ணே, எனக்கும் ஒண்ணு வேணும், ஆனா வெளியே தெரியாததா" என்றார். டிராயரில் கிடப்பதைக் கொண்டுபோய்க் காட்டினேன். கையில் வாங்கியவர் பேட்டரி மூடியைத் திறக்க முயன்றார். தே தாரிக் ஆறும்வரை முயன்றார். செவ்வாய்க்கிழமை ஈப்போ போகிறோம், அவர் மனைவியும் வருகிறார்.