ரோட்டுக்கா, டிராக்குக்கா? 600 சிசி சூப்பர்ஸ்போர்ட்டோடு சில வருஷங்கள்

ஸ்போர்ட் பைக் வாங்கப்போகிறேன் என்று யாராவது சொன்னால், முதல் கியரில் அந்த வண்டி எதுவரை போகும் என்று தெரியுமா என்றுதான் நான் கேட்பேன். குதிரைத்திறன் எல்லாருக்கும் மனப்பாடமாக இருக்கும். இது தெரிந்திருக்காது. 1000 சிசி, நாலு சிலிண்டர் வண்டியை ரெட்லைன் (எஞ்சின் சுற்றக்கூடிய உச்ச வேகம்) வரை முறுக்கினால் முதல் கியரிலேயே மணிக்கு 150 கி.மீ.யைத் தொட்டுவிடும். 600 சிசி வண்டியும் 120 பக்கம் போய்விடும். மீதி ஐந்து கியரைத் தொடவே இல்லை, அதற்குள் பெரும்பாலான சாலைகளின் வேக வரம்பு பின்னால் போய்விட்டது. வாங்குவதற்கு முன் யோசிக்க வேண்டியதில் பாதி இந்த ஒரு கணக்கிலேயே அடங்கிவிடுகிறது.

என்னிடம் இருப்பது 600 சிசி, இன்லைன் (ஒரே வரிசையில்) நாலு சிலிண்டர் சூப்பர்ஸ்போர்ட், அதாவது ரேஸை மனதில் வைத்துச் செய்த ஸ்போர்ட் பைக். கம்பெனி பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் பேச்சு வண்டியை விட்டுவிட்டுப் பிராண்ட் சண்டைக்குப் போய்விடும். தவிர, இந்த வகை வண்டிகள் அத்தனையும் ஒரே குணம்தான். ஹோண்டா சிபிஆர்600ஆர்ஆர், யமஹா ஆர்6, சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர்600 மூன்றிலும் சிலிண்டர் விட்டம் 67 மி.மீ., பிஸ்டன் நகரும் தூரம் (ஸ்ட்ரோக்) 42.5 மி.மீ. ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் கிடையாது. கவாசகி மட்டும் ஸ்ட்ரோக்கை 45.1 மி.மீ.க்கு நீட்டி 636 சிசி ஆக்கியது, ரோட்டில் கொஞ்சம் இழுவை கூடட்டும் என்றுதான்.

அகலமான பிஸ்டன், குட்டை ஸ்ட்ரோக். இதனால் எஞ்சின் நிமிடத்துக்கு 15,000 சுற்று (ஆர்பிஎம்) பக்கம் வரை கத்தும். ஆனால் கீழே ஒன்றும் இருக்காது. 2017-க்குப் பிறகு வந்த ஆர்6-ன் டார்க், அதாவது சுழற்றும் விசை, 61.7 நியூட்டன் மீட்டர், அதுவும் 10,500 ஆர்பிஎம்மில். அதே கம்பெனியின் ஆர்7, இரண்டு சிலிண்டர், 689 சிசி. அதன் உச்ச பவர் சுமார் 73 குதிரைத்திறன்தான், ஆர்6-ஐவிட 40-க்கு மேல் குறைவு. ஆனால் 67 நியூட்டன் மீட்டரை 6,500 ஆர்பிஎம்மிலேயே கொடுத்துவிடும். ரோட்டில் ஒரு லாரியை முந்தவேண்டிய நேரத்தில் எது கைகொடுக்கும் என்று இந்த இரண்டு எண்களைப் பார்த்தாலே தெரியும். என் வண்டியில் ஆறாவது கியரில் நூறில் போகும்போது எஞ்சின் 5,500 முதல் 6,000-க்குள் சுற்றும். அந்த இடத்தில் முறுக்கினால் சத்தம்தான் முதலில் வரும், வேகம் நிதானமாகப் பின்னால் வரும். இரண்டு கியர் இறக்கி, சில சமயம் மூன்று இறக்கித்தான் முந்த வேண்டும். எனக்கு அது பிடித்த வேலை, அது வேறு விஷயம். தினமும் வேலைக்குப் போய்வர ஒரே வண்டி வைத்திருப்பவருக்கு இரண்டாம் மாதமே அலுத்துவிடும்.

நகர நெரிசலைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டாம். முதல் கியர் உயரமானது என்பதால் ஊர்ந்து போகும்போதெல்லாம் கிளட்ச்சைப் பாதி பிடித்தபடிதான் ஓட்ட வேண்டும். சிக்னலில் நின்றால் கூலன்ட் நூறைத் தாண்டும், ஃபேன் ஓடும், அந்தக் காற்று நேராகத் தொடைக்கும் முழங்காலுக்கும் வரும். டுகாட்டி பனிகாலே வி4-ல் நின்றுகொண்டிருக்கும்போது பின்பக்கச் சிலிண்டர்களையே அணைத்துவிடுகிறார்கள். சீட்டுக்கு அடியில் இருக்கும் சூடு எப்படிப்பட்டது என்பதைக் கம்பெனிக்காரர்களே ஒப்புக்கொண்ட மாதிரி. யு-டர்ன் எடுக்க ஹேண்டில் போதுமான அளவு திரும்பாது. கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி தெரிவதைவிட நம் முழங்கைதான் நன்றாகத் தெரியும்.

மணிக்கட்டு வலியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. தாழ்வாகப் பொருத்திய கிளிப்-ஆன் ஹேண்டிலைக் குறை சொல்வார்கள், பாதிதான் அது காரணம். முழங்கால்களால் டேங்க்கை இறுக்கிப் பிடித்து, முதுகுத் தசையில் உடம்பைத் தாங்கினால் கையில் எடையே விழாது. டேங்க்கின் இரண்டு பக்கமும் ரப்பர் கிரிப் ஒட்டிய பிறகு எனக்கு வலி பெருமளவு குறைந்தது. ஆனால் இது 80-க்கு மேல் போகும்போது சரி. எதிர்க்காற்று நெஞ்சைத் தூக்கிப் பிடிக்கும். இருபதில் ஊர்ந்தால் அந்தக் காற்று இல்லை, எல்லா எடையும் கைக்குத்தான் வரும்.

இத்தனையும் சொல்லிவிட்டு ஏன் இன்னும் விற்கவில்லை? டிராக்.

ரேஸ் டிராக்கில் இறங்கியதும் ரோட்டில் குறையாக இருந்தது எல்லாம் குணமாக மாறிவிடும். முதல் கியர், வண்டிகள் நிற்கும் பிட்டை விட்டு வெளியே வர மட்டும்தான். எஞ்சின் எப்போதும் 10,000-க்கு மேலேயே இருக்கும், டார்க் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. குனிந்த உட்காரும் முறையும் உயரமான ஃபுட்பெக்கும் சரியாகப் பொருந்திவிடும். 1000 சிசி வண்டியில் வளைவை எப்படி எடுத்தாலும் நேர்ப்பாதையில் முறுக்கி அந்த நஷ்டத்தை ஈடுகட்டிவிடலாம். 600-ல் அது நடக்காது. வளைவுக்குள் ஐந்து கி.மீ. வேகத்தை விட்டால், அடுத்த நேர்ப்பாதை முழுக்க அந்த ஐந்து கி.மீ. திரும்பி வராது. அதனால் பிரேக்கை எங்கே விடுவது, எந்தக் கோட்டில் நுழைவது, எப்போது த்ராட்டிலைத் திறப்பது என்று வண்டியே நம்மைப் பிடித்து உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கும்.

லிட்டர் பைக் (1000 சிசி) மோசம் என்று சொல்லவரவில்லை. 1992-ல் ஹோண்டாவில் டடாவோ பாபா வடிவமைத்த 893 சிசி ஃபயர்பிளேடு வந்தபோதே, பெரிய எஞ்சினைச் சின்ன வண்டியின் எடைக்குள் அடக்கலாம் என்று ஆகிவிட்டது. இன்றைக்கு 200 குதிரைத்திறன் சர்வசாதாரணம். ஆனால் அதை ஓட்டுவது உடம்பு வேலை. நேர்ப்பாதை முடிவில் 250-க்கு மேலிருந்து பிரேக் பிடிக்கும்போது கை, தொடை, வயிறு எல்லாம் வேலை செய்யும். மதியத்துக்கு மேல் களைப்பில் கவனம் தவறும், பெரும்பாலான விழுதல்கள் அந்த நேரத்தில்தான் நடப்பதைப் பார்த்திருக்கிறேன். பின் டயரையும் அது தின்றுதீர்க்கும். யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான்.

நிஜமாகவே கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் இன்னும் சின்னதாகப் போகலாம். கவாசகி நின்ஜா 400, கேடிஎம் ஆர்சி 390 போன்ற வண்டிகளை டிராக்குக்கென்று மட்டும் வைத்திருப்பவர்கள் சிலர் வளைவுக்குள் என்னைத் தாண்டிப் போவது வழக்கம். நேர்ப்பாதையில் நான் தாண்டுவேன், அடுத்த வளைவில் அவர்கள் மறுபடி உள்ளே நுழைவார்கள். யார் நன்றாக ஓட்டுகிறார்கள் என்பதில் சந்தேகமே இல்லை.

வண்டியை வாங்கிய பிறகு நான் செய்தவற்றில் அதிக மாற்றம் தந்தது எக்ஸாஸ்டும் இல்லை, ஈசியு (எஞ்சினின் கம்ப்யூட்டர்) ட்யூனிங்கும் இல்லை. சஸ்பென்ஷனை என் எடைக்குச் சரிசெய்ததுதான். முழு லெதர் சூட், பூட், ஹெல்மெட் எல்லாம் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தால் வண்டி எவ்வளவு அமிழ்கிறது என்று அளக்க வேண்டும். டிராக்குக்கு முன்பக்கத்தில் 30 முதல் 35 மி.மீ. என்பது ஆரம்பிக்க நல்ல அளவு, ரோட்டுக்கு இன்னும் கொஞ்சம் கூட இருக்கலாம். ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் ப்ரீலோடை வைத்து அதைச் சரிசெய்துவிட்டுத்தான், சஸ்பென்ஷன் நகரும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டேம்பிங் ஸ்க்ரூவில் கை வைக்க வேண்டும். முன் சஸ்பென்ஷனான ஃபோர்க்கின் குழாயில் ஒரு சின்ன கேபிள் டை கட்டிவிட்டால் போதும், ஒரு செஷன் ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் ஃபோர்க் எதுவரை உள்ளே போனது என்று அதுவே காட்டும். கடைசி வரை போய் முட்டியிருந்தால் பிரேக்கிங்கில் முன்பக்கம் இடிக்கிறது என்று அர்த்தம். பாதியிலேயே நின்றிருந்தால் ஸ்பிரிங் நமக்குக் கெட்டி. டிராக்குக்கு வைத்த அளவோடு ரோட்டுக்கு வந்தால் ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரும் முதுகெலும்பில் பதிவாகும். ஒரே வண்டியை இரண்டுக்கும் வைத்திருப்பவர்கள் ஸ்க்ரூ கணக்கைக் குறித்து வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடத்தான் வேண்டும். நான் டேங்க்கின் அடியில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருக்கிறேன்.

டயர் விஷயத்தில் நிறையப் பேர் டிராக் டயரை ரோட்டில் போட்டுக்கொள்கிறார்கள், பார்க்க நன்றாக இருக்கும் என்பதற்காக. அது சூடேறினால்தான் பிடிக்கும். ரேஸ் பிட்டில் வார்மர் (டயரைச் சூடாக்கும் உறை) போட்டு 80 டிகிரிக்குக் கொண்டுவருவது சும்மா இல்லை. குளிர்ந்த காலையில், ஈரச் சாலையில், நல்ல ஸ்போர்ட் ரோடு டயர் அதைவிட எவ்வளவோ மேல். காற்றும் அப்படித்தான். முன்னால் 36, பின்னால் 42 பிஎஸ்ஐ என்று பல வண்டிகளின் ஸ்டிக்கரில் இருப்பது ரோட்டுக்கு, அதுவும் டயர் ஆறியிருக்கும்போது அளக்க வேண்டியது. அதே காற்றோடு டிராக்கில் இறங்கினால் சூட்டில் அழுத்தம் இன்னும் ஏறி, தரையில் பதியும் பரப்பு சுருங்கிவிடும். டயர் கம்பெனி அந்த டயருக்கென்று சொல்லும் சூடான அழுத்தத்தைத் தெரிந்துகொண்டு, பிட்டுக்குள் வந்த கையோடு, ஆறுவதற்குள் அளந்துவிட வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் டயரின் விளிம்பு மணல்தாள் போல ஒரே சீரான சொரசொரப்போடு இருக்கும். துண்டு துண்டாகக் கிழிந்திருந்தால் அழுத்தமோ ரீபவுண்டோ (அமிழ்ந்த சஸ்பென்ஷன் திரும்பி எழும் வேகம்) தப்பு.

பிரேக்கில் கேலிப்பர் (டிஸ்கைப் பிடிக்கும் பாகம்) பெயரைப் பார்த்து மயங்குகிறோம், உள்ளே இருக்கும் ஆயிலை மறந்துவிடுகிறோம். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரத்தை இழுத்துக்கொண்ட பிறகு அந்த அளவு 155-க்கு இறங்கிவிடலாம். ரோட்டில் அது தெரியவே தெரியாது. டிராக்கில் நாலைந்து லேப்புக்குப் பிறகு லீவர் மெல்ல மெல்ல விரலோடு கைப்பிடிப் பக்கம் வரும். அப்படி வந்தால் அந்த லேப்பிலேயே கையைத் தூக்கிக் காட்டிவிட்டு உள்ளே வந்துவிடுவது நல்லது.

எலக்ட்ரானிக்ஸ். 2015-ல் வந்த யமஹா ஆர்1-க்குப் பிறகு ஆறு அச்சு ஐஎம்யு (வண்டியின் சாய்வையும் அசைவையும் அளக்கும் சென்சார்) என்பது இந்த வகை வண்டிகளில் எதிர்பார்க்கும் விஷயமாகிவிட்டது. பழைய ட்ராக்‌ஷன் கன்ட்ரோல் (பின் சக்கரம் வழுக்காமல் பவரைக் குறைப்பது) இரண்டு சக்கரங்களின் வேகத்தை ஒப்பிட்டுப் பார்க்கும், அவ்வளவுதான். வண்டி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஐஎம்யு இருந்தால் தெரியும், சாய்வுக்கேற்ப பவரையும் ஏபிஎஸ்ஸையும் அளந்து விடும். என் வண்டியில் இது இல்லை. இன்று ரோட்டுக்கு ஒரு வண்டி வாங்கினால் குயிக்‌ஷிஃப்டர் (கிளட்ச் பிடிக்காமல் கியர் மாற்ற உதவுவது) இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சாய்ந்திருக்கும்போதும் வேலை செய்யும் கார்னரிங் ஏபிஎஸ் கட்டாயம் வேண்டும் என்பேன். வளைவின் நடுவில் மண் கிடப்பதும் ஆடு குறுக்கே வருவதும் டிராக்கில் இல்லை, ரோட்டில்தான். ஷோரூமில் என்னவோ எல்லாரும் குயிக்‌ஷிஃப்டரைத்தான் கேட்கிறார்கள்.

சந்தையும் இந்தப் பக்கம்தான் நகர்ந்திருக்கிறது. ஆர்6 ஐரோப்பாவில் 2020-க்குப் பிறகு ரோட்டில் ஓட்டும் வண்டியாக விற்கப்படவில்லை, டிராக் வண்டியாக மட்டும் தொடர்ந்தது. அதன் இடத்துக்கு வந்திருப்பது மூன்று சிலிண்டர், 890 சிசி ஆர்9. ஏப்ரிலியா ஆர்எஸ்660 இரண்டே சிலிண்டர், 100 குதிரைத்திறன். உலக சூப்பர்ஸ்போர்ட் போட்டியிலேயே 2022-லிருந்து 955 சிசி பனிகாலே வி2, 765 சிசி ட்ரையம்ஃப் எல்லாம் 600-களோடு சேர்ந்து ஓடத் தொடங்கின. ரோட்டில் எழுபது பங்கு, டிராக்கில் முப்பது பங்கு என்று இருப்பவர் இந்த நடுத்தர ட்வின் (இரண்டு சிலிண்டர்), ட்ரிபிள் (மூன்று சிலிண்டர்) வண்டிகளைத் தாண்டி யோசிக்கவே வேண்டாம். 600 நாலு சிலிண்டர், டிராக்குக்கு அடிக்கடி போகிறவருக்கும், ரோட்டுக்கு வேறு வண்டி வைத்திருப்பவருக்கும்தான். 1000 சிசியை, இரண்டு வண்டி கைமாறிய பிறகும் ஆசை போகவில்லை என்றால் பார்த்துக்கொள்ளலாம்.

600-ஐப் பெரும்பாலும் பழையதாகத்தான் வாங்க வேண்டியிருக்கும் என்பதால் பார்க்க வேண்டியவை சில. ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, ஃபிரேமில் அது முட்டும் இடத்தில் நசுங்கலோ புதுப் பெயின்ட்டோ இருக்கிறதா என்று பாருங்கள். பலமாக விழுந்த வண்டி அங்கேதான் காட்டிக்கொடுக்கும். டயர் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் செய்தது. ஆயில் டிரெய்ன் போல்ட்டிலும் கேலிப்பர் போல்ட்டிலும் சின்னத் துளை போட்டிருந்தால், கம்பி கட்டி ரேஸில் ஓட்டிய வண்டி என்று அர்த்தம். பலர் அதைப் பார்த்ததும் விலகிவிடுவார்கள். ஆயிலும் வால்வ் செக்கும் கணக்குப்படி செய்ததற்குப் பில் வைத்திருக்கும் டிராக்காரர் வண்டியை, பளபளவென்று துடைத்துவைத்து எந்தப் பில்லும் காட்டாத வண்டிக்கு முன்னால் நான் தேர்ந்தெடுப்பேன். என்னுடையதும் அப்படி வந்ததுதான், துளைகள் இன்னும் இருக்கின்றன.