கையால் செய்த ஸ்லாட் கார் சேசிஸைச் சரிசெய்யக் கொடுத்து 640 டாலர் இழந்தேன்: ஓர் எச்சரிக்கை

நேற்று இரவு வந்த கடைசி மறுப்புக் கடிதத்தைப் படித்துவிட்டு உறக்கம் பிடிக்காமல் இதை எழுதுகிறேன். கையால் செய்த 1/24 அளவு ஸ்லாட் கார் சேசிஸ் ஒன்றைச் சீரமைத்து, நான் கேட்ட சில மாற்றங்களையும் செய்து தருவதாகச் சொன்ன ஒருவரிடம் 640 டாலர் கொடுத்தேன். ஸ்லாட் கார் என்பது தடத்தில் வெட்டிய பள்ளத்தைப் பிடித்து மின்சாரத்தில் ஓடும் சிறு பந்தயக் கார்; சேசிஸ் அதன் அடிச்சட்டம். பணமும் போயிற்று, சேசிஸும் பாழாயிற்று. பெட்டி திரும்பி வந்திருக்கிறது. ஆனால் அதற்குள் இருப்பது நான் அனுப்பிய பொருள்தான் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. இந்தப் பொழுதுபோக்கில் உள்ள தமிழர்கள் மிகச் சிலரே என்றாலும், பழைய சேசிஸ்களை வாங்கி யாரிடமாவது சரிசெய்யக் கொடுப்பவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள் என்பதால், நடந்ததை வரிசையாகச் சொல்லிவிட்டு, கவனிக்க வேண்டியவற்றையும் இறுதியில் எழுதுகிறேன்.

இல்லினாய் மாநிலத்தின் வடபகுதியில் நாங்கள் குடியேறியபோது அடுத்த வீட்டில் இருந்த பெரியவர், ராக்ஃபோர்டு நகரின் இயந்திரத் தொழிற்சாலை ஒன்றில் டூல் மேக்கராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1960களின் நடுவில் அமெரிக்க நகரங்களில் ஸ்லாட் கார் ஓட்டக் கூடங்கள் பெருகி, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள்ளேயே பெரும்பாலானவை மூடப்பட்ட அந்தக் குறுகிய காலத்தில், இளைஞராக அங்கே போட்டியிட்டவர். கடையில் கிடைத்த சேசிஸ் மோட்டாரின் வேகத்துக்கு ஈடுகொடுக்காததால் தாமே செய்துகொண்டவர்களில் அவரும் ஒருவர். 1969இல் தம் வீட்டுச் சமையலறை மேசையில் வைத்துச் செய்த சேசிஸை, இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பு என் கையில் கொடுத்து, "இதை அலமாரியில் வைக்காதே, ஓட்டு" என்றார்.

அது ஆங்கிள்வைண்டர் வகை. அதற்கு முந்தைய சேசிஸ்களில் மோட்டார் நீளவாக்கில் படுத்திருக்க, கிரௌன் கியர் என்னும் பல்சக்கரத்தின் வழியாகப் பின்னச்சு சுழலும். ஆங்கிள்வைண்டரில் மோட்டார் பின்னச்சுக்குச் சாய்வாக, தாழ்வாக அமர்ந்து ஸ்பர் கியரைச் சுழற்றுவதால் எடை கீழே இறங்கிச் சக்தியும் குறைவாகவே வீணாகிறது. பெரியவரின் சேசிஸில் பியானோ கம்பி எனப்படும் விறைப்பான எஃகுக் கம்பிகள் பக்கத்துக்கு மூன்றாக ஆறு ஓடின, ஒவ்வொன்றும் 0.055 அங்குலம், அதாவது 1.4 மில்லிமீட்டர் தடிமன். வெளிப்புறத்தில் இரண்டு பித்தளைத் தகடுகள் குழாய்க்கீல்களில் தொங்கின. கார் உடலைத் தாங்குபவை அந்தத் தகடுகளே என்பதால், உடலின் அதிர்வு, அச்சையும் தடத்துப் பள்ளத்தில் இறங்கி காரை வழிநடத்தும் கைடையும் தாங்கும் நடுச்சட்டத்துக்குப் போகாமல், டயர் தளத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். கம்பியும் பித்தளையும் சேரும் ஒவ்வொரு இடத்திலும் தலைமுடி போன்ற செம்புக் கம்பியை ஏழு சுற்று சுற்றி, அதன்மேல் ஈயப்பற்று வைத்திருந்தார். எந்த மூட்டில் எண்ணினாலும் ஏழுதான் வரும். மோட்டார் பிரேக்கெட்டின் அடியில் எழுத்தாணியால் கீறியதுபோல் 69 என்ற எண் இருந்தது.

நான் அதை ஓட்டினேன். 155 அடி நீளமுள்ள, கிங் என்று பெயர் பெற்ற ஓட்டத் தடத்தில், டெட்மேன் என்று ஓட்டக்காரர்கள் அழைக்கும் வளைவில் மற்றொரு கார் வந்து மோதியபோது, பிரேக்கெட்டின் இடப்பக்கப் பற்று விரிசல் கண்டது. சரிசெய்யும்போதே இரண்டு மாற்றங்களையும் செய்துவிடலாம் என்று எண்ணினேன். பின்னச்சு பழைய 1/8 அங்குல அளவில் இருந்ததால் இன்றைய சக்கரங்கள் பொருந்தவில்லை. அதை 3/32 அங்குலத்துக்கு மாற்ற வேண்டும். கைடு தாங்கும் நாக்கைச் சற்று முன்னே தள்ள வேண்டும். எனக்கு ஈயப்பற்று வைக்கத் தெரியும்; ஆனால் பெரியவர் செய்த பொருளில் என் கையை வைக்கத் துணிவில்லாததால், என்னைவிடத் தேர்ந்தவரிடம் கொடுப்பதே அதற்குச் செய்யும் மரியாதை என்று நினைத்தேன்.

பொழுதுபோக்குப் பொருள்கள் கைமாறும் ஓர் இணையச் சந்தையில் அந்த விளம்பரத்தைக் கண்டேன். வீட்டோடு சேர்ந்த பட்டறை, பழைய சேசிஸ் சீரமைப்பு, மோட்டார் சுற்றுதல் என்று போட்டிருந்தது. எண்ணை அழைத்தேன். நாற்பது நிமிடம் பேசினார். நான் இன்றும் மறக்க முடியாமல் இருப்பது அந்த நாற்பது நிமிடங்களைத்தான். டெட்மேனில் அடிபட்டது என்றதுமே, மற்றெதையும் நான் விவரிப்பதற்கு முன்பே, "விரிசல் இடப்பக்கம்தானே? டெட்மேனில் மோதினால் பெரும்பாலும் அங்கேதான் விடும்" என்றார். கம்பியைத் திமிறலோடு பிடித்துவைத்துப் பற்று வைத்தால், பாகங்களை அசையாமல் பிடிக்கும் ஜிக்கிலிருந்து எடுத்த கணமே சட்டம் முறுக்கிக்கொள்ளும் என்றும், தாங்கிகளைப் பற்றவைக்கும்போது அச்சை உள்ளே செருகியே வைக்க வேண்டும் என்றும், ஈயம் ஒட்டுவதற்காகத் தடவும் அமில ஃபிளக்ஸின் ஆவி பட்டாலே, மோட்டாருக்குள் சுழலும் ஆர்மேச்சரின் தண்டு துருப்பிடிக்கும் என்பதால் மோட்டாரை வேறு அறையில் வைப்பதாகவும் சொன்னார். ஒவ்வொரு சொல்லும் சரி. "தீச்சுடர் டார்ச்சைப் பக்கத்தில்கூடக் கொண்டுவர மாட்டேன், எல்லாம் சால்டரிங் அயர்னில்தான்" என்று அவர் சொன்னபோது பெரியவரே பேசுவதுபோல் இருந்தது. அந்த ஒரு வாக்கியத்தில் நான் விழுந்துவிட்டேன். சந்தையின் வழியாகப் பணம் கட்டினால் தரகு போய்விடும், நேராக அனுப்பிவிடுங்கள் என்று அவர் கேட்டபோது மறுபேச்சில்லாமல் 300 டாலரை வங்கியிலிருந்து அனுப்பினேன். "முன்பின் தெரியாத ஆளுக்கு ஏன் முழுப் பணத்தையும் முதலிலேயே கொடுக்கிறீர்கள்?" என்று என் மனைவி கேட்டாள். தொழில் தெரிந்தவர் என்று பதில் சொன்னேன். தொழில் தெரிவதும் நாணயம் இருப்பதும் வேறுவேறு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஆறு வாரம் கழித்து அவரே அழைத்தார். கம்பிகள் உள்ளே களைத்துவிட்டன, ஆறையும் புதிய பியானோ கம்பியாக மாற்ற வேண்டும், மோட்டாரையும் திறந்து ஆர்மேச்சரைச் சமன்செய்துவிட்டால் வேலை முழுமையாகும், மேலும் 340 டாலர் ஆகும் என்றார். ஒரு கஜம் பியானோ கம்பி சில டாலர்களுக்குக் கிடைக்கும் என்பது எனக்குத் தெரியும். இருந்தும் கூலிக்காகத்தான் கேட்கிறார் என்று எண்ணி அதையும் அனுப்பினேன். மொத்தம் 640 டாலர்.

மூன்று வாரங்களுக்கு முன்பு பெட்டி வந்தது. சேசிஸைச் சமையலறைக் கண்ணாடிப் பலகையில் வைத்தவுடன் வலது முன்மூலை தூக்கிக்கொண்டு நின்றது. மூன்று விசிட்டிங் கார்டுகளை அடுக்கி அந்த இடைவெளியில் தடையில்லாமல் நுழைக்க முடிந்தது. பளபளப்பு மட்டும் கண்ணைப் பறித்தது. விளக்கின் கீழ் திருப்பிப் பார்த்தேன். மூட்டுகளின் அருகே கம்பிகளில் நீலமும் சாம்பலும் கலந்த நிறம் ஏறியிருந்தது. சால்டர் உருகுவதற்கு இருநூறு டிகிரி செல்சியஸ்கூட வேண்டியதில்லை. எஃகில் நீலம் ஏற ஏறக்குறைய முந்நூறு டிகிரி வேண்டும். டார்ச்சைப் பிடித்திருக்கிறார். பியானோ கம்பியின் உயிரே அதன் விறைப்பு. அதை மிஞ்சிச் சூடாக்கிவிட்டால் அது சாதாரண இரும்புபோல் தளர்ந்துவிடும். ஓரக் கம்பியைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தினேன். துள்ளித் திரும்ப வேண்டிய கம்பி, வளைந்தது வளைந்தபடியே நின்றது. ஆறு கம்பிகளில் மூன்று, பியானோ கம்பியே அல்ல என்று நினைக்கிறேன். அறுத்த முனையில் அரம் வைத்தபோது வெண்ணெய்போல் இழைந்தது. செம்புச் சுற்றுகள் ஒரு மூட்டில்கூட இல்லை. அவற்றின் இடத்தில் திரள்திரளாக ஈயம் அப்பியிருந்தது. கீல் குழாய்களுக்குள் ஃபிளக்ஸைக் கழுவாமல் விட்டதால் பித்தளையில் பச்சையும் கம்பியில் பழுப்புத் துருவும் படிந்து, இடத் தகடு அசையவே மறுத்தது. சமையல் சோடா கரைத்த நீரில் ஒருமுறை அலசியிருந்தால் இது நேர்ந்திருக்காது. அந்த ஐந்து நிமிட வேலையைக்கூட அவர் செய்யவில்லை.

மோட்டார் அதைவிடக் கொடுமை. மபுச்சி 16டி அளவு உறைக்குள் பெரியவர் தம் கையால் சுற்றிய ஆர்மேச்சர் இருந்தது. சமன்செய்வதற்காக அதன் மூன்று முனைகளில் ஒன்றில் இரண்டு சிறு துளைகள் இட்டிருந்தார். இப்போது உள்ளே இருப்பதில் துளையே இல்லை. தொழிற்சாலையில் சுற்றிய, எந்தக் கடையிலும் கிடைக்கும் ஆர்மேச்சர் அது. பழையதை எடுத்துக்கொண்டார் என்பதைத் தவிர இதற்கு வேறு பொருள் எனக்குத் தெரியவில்லை.

படங்கள் எடுத்து அனுப்பினேன். ஐந்து நாள் பதிலே இல்லை. பிறகு, அஞ்சலில் அடிபட்டிருக்கும் என்றார். பெட்டியில் ஒரு கீறலும் இல்லை, அடிபட்டால் கம்பி நீலமாகுமா என்று கேட்டேன். பழைய எஃகு அப்படித்தான் நிறம் மாறும் என்று பதில் வந்தது. அவரே புதிதாகப் போட்டதாகச் சொன்ன கம்பி எப்படிப் பழைய எஃகாகும் என்று கேட்டதற்குப் போட்டிக்காக ஊரில் இல்லை, வந்து பேசுகிறேன் என்றார். ஆர்மேச்சரைப் பற்றிக் கேட்டபோதுதான் குரல் மாறியது. "ஐம்பது வருஷப் பொருளுக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அதற்குப் பிறகு என் எண்ணிலிருந்து அழைப்பே போகவில்லை. மகனின் எண்ணிலிருந்து அழைத்தபோது என் பெயரைச் சொன்னவுடன் துண்டித்தார்.

இணையச் சந்தைக்காரர்களிடம் முறையிட்டேன். பணம் தங்கள் வழியாகச் செல்லாததால் தங்களால் தலையிட இயலாது என்று ஒரே பத்தியை இரண்டு முறை அனுப்பிவிட்டுப் புகாரை முடித்துவிட்டார்கள். விளம்பரத்தையாவது எடுங்கள் என்று கேட்டேன், அதற்குப் பதில் இல்லை. அது இன்றும் அங்கே இருக்கிறது. வங்கியில், நீங்களே ஒப்புதல் கொடுத்து அனுப்பிய தொகை என்றார்கள். நேற்று இரவு வந்தது அவர்களின் இறுதிக் கடிதம். 640 டாலருக்கு மூன்று இடங்களில் கதவைத் தட்டினேன், மூன்றும் மூடிவிட்டன.

கவனிக்க வேண்டியவற்றை இறுதியில் எழுதுவதாகத் தொடக்கத்தில் சொன்னேன். இப்போது கை ஓடவில்லை, அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு மூட்டையும், மோட்டாரைத் திறந்து ஆர்மேச்சரையும் நெருக்கத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் மோட்டாரை அனுப்பவே அனுப்பாதீர்கள். சந்தைக்கு வெளியே பணம் கேட்டால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள், பேச்சு எவ்வளவு சரியாக இருந்தாலும். வேலை நடக்கும்போதே ஜிக்கில் வைத்த படத்தைக் கேளுங்கள், நான் கேட்கவில்லை. கம்பி மாற்றியதாகச் சொன்னால் கழற்றிய பழைய கம்பியைத் திருப்பிக் கேளுங்கள். திரும்பி வந்ததும் கண்ணாடியில் வைத்துப் பாருங்கள், கம்பியை மெல்ல வளைத்துப் பாருங்கள். காந்தம் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை, அது இரண்டு வகை இரும்பையும் பிடிக்கும்.

சிறு தொகை வழக்குகளுக்கான நீதிமன்றத்தில் மனுக் கொடுக்கலாமா என்று திங்கட்கிழமை விசாரிக்கப் போகிறேன். அதற்குச் சான்றாகப் படம் எடுக்க இன்று காலை சேசிஸை மீண்டும் திருப்பிவைத்தபோது, மோட்டார் பிரேக்கெட்டின் அடிப்பாகத்தையும் அவர் மெருகுச் சக்கரத்தில் பிடித்திருப்பதைக் கண்டேன். 6 முழுவதும் தேய்ந்துவிட்டது. 9இன் வால் மட்டும், வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் தெரிகிறது.