தருமபுரியில் ஒரு தனியார் வங்கிக் கிளை: மினிமம் பேலன்ஸ் கட்டணம் திரும்பக் கிடைத்த விதம்

தருமபுரி நகரில் உள்ள ஒரு தனியார் வங்கிக் கிளையில் என் தாயாருக்குச் சேமிப்புக் கணக்கு இருக்கிறது. பட்டுக்கூடு விற்ற பணம் அதில்தான் வரவாகும். கூடு இல்லாத மாதங்களில் இருப்பு சில நூறு ரூபாய்க்கு இறங்கிவிடும். அன்றாட வேலைகளைப் பொறுத்தவரை இந்தக் கிளையைக் குறை சொல்ல முடியாது. கவுன்ட்டரில் இருப்பவர்கள் வயதானவர்களிடம் பொறுமையாகப் பேசுகிறார்கள், செலான் எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதியும் கொடுக்கிறார்கள். வங்கி பிடித்த கட்டணத்தைப் பற்றிக் கேட்கப்போனால்தான் பேச்சு மாறுகிறது.

பாஸ்புக்கில் வரவு செலவைப் பதிந்து வாங்கியபோது விஷயம் தெரிந்தது. 212 ரூபாய் இருப்பு இருந்த கணக்கில் மினிமம் பேலன்ஸ் கட்டணமாக 300 ரூபாயும், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியாக 54 ரூபாயும் பிடித்து, கணக்கை 142 ரூபாய் மைனஸில் நிறுத்தியிருந்தார்கள். அடுத்த மாதமும் அதே 354 ரூபாய் சேர்ந்து மைனஸ் 496 ஆகியிருந்தது. பிறகு பட்டுக்கூடு விற்ற பணம் வந்ததும் அந்த 496 ரூபாய் போக மீதிதான் இருப்பாக நின்றது. தாயாரின் செல்போனையும் பாஸ்புக்கையும் அருகருகே வைத்துப் பார்த்ததில், இருப்பு குறைந்துள்ளதாக எஸ்எம்எஸ் வந்த மூன்றாம் நாளே முதல் பிடித்தம் நடந்திருந்தது.

இது விதிக்குப் பொருந்தாது. ரிசர்வ் வங்கி 2014 நவம்பர் 20 அன்று வெளியிட்டு, 2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த சுற்றறிக்கையின்படி, சேமிப்புக் கணக்கில் இருப்பு குறைந்தால் அதை வாடிக்கையாளருக்குத் தெரிவித்து, சரிசெய்துகொள்ள ஒரு மாதத்துக்குக் குறையாத அவகாசம் தந்த பிறகே கட்டணம் பிடிக்க வேண்டும். கட்டணம் எவ்வளவு பணம் குறைகிறதோ அந்த விகிதத்தில் இருக்க வேண்டும் என்பதோடு, இந்தக் கட்டணத்தால் மட்டுமே கணக்கு மைனஸுக்குப் போய்விடக் கூடாது என்றும் அதில் சொல்லப்பட்டிருக்கிறது.

கவுன்ட்டரில் கேட்டதற்கு, "சிஸ்டம் தானாகப் பிடிக்கிறது, எங்கள் கையில் ஒன்றும் இல்லை" என்றார்கள். மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் ஒரு மாதக் கட்டணத்தை மட்டும் சலுகையாகத் திருப்பித் தருவதாகச் சொன்னார். எனக்கு உறுத்தியது அந்தச் சலுகைதான். பிடிக்கக் கூடாத பணத்தைத் திருப்பித் தருவதில் சலுகைக்கு என்ன இடம் இருக்கிறது?

இரண்டு பிடித்தங்களின் தேதி, தொகை, எஸ்எம்எஸ் வந்த நாள், சுற்றறிக்கையின் தேதி ஆகியவற்றைக் குறிப்பிட்டு ஒரு பக்கத்தில் மனு எழுதி, தாயாரின் கையெழுத்துடன் கொடுத்தோம். நகலில் முத்திரையும் தேதியும் போட்டுத் தர முதலில் தயங்கினார்கள். அது இல்லாமல் மனுவை விட்டுவிட்டு வருவதில்லை என்று நின்ற பிறகே போட்டார்கள். அந்த முத்திரைக்கு மதிப்பு உண்டு. மனு கொடுத்து 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியளிக்காவிட்டாலோ, 2021 நவம்பரில் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டத்தின் கீழ் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். 14448 என்ற எண்ணில் விவரமும் கேட்கலாம். வங்கியிடம் முதலில் புகார் செய்ததற்கு ஆதாரம் இந்த நகல்தான். அடுத்த படி என்ன என்பதை மனுவின் கடைசி வரியிலேயே எழுதியிருந்தோம். குறைதீர்ப்பாளர் வரை போக வேண்டிய தேவை ஏற்படவில்லை. கெடுவுக்கு முன்பே ஜிஎஸ்டி உட்பட 708 ரூபாயும் கணக்கில் திரும்ப வரவாயிற்று. விளக்கக் கடிதம் மட்டும் வரவே இல்லை.

இதே கிளையில் கணக்கு வைத்திருக்கும் வியாபாரிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேலே சொன்ன விதி சேமிப்புக் கணக்குக்கு உரியது. நடப்புக் கணக்கிலோ, இருப்புக்கு மேலும் பணம் எடுக்க வங்கி அனுமதிக்கும் ஓ.டி. (ஓவர்டிராஃப்ட்) கணக்கிலோ பிடித்தம் நடந்தால், கணக்குத் திறந்தபோது ஒப்புக்கொண்ட கட்டண அட்டவணையை வைத்துத்தான் வாதாட முடியும். அதன் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

தாயாரின் கணக்கை மினிமம் பேலன்ஸ் தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றிவிட்டோம். அந்த வசதி இருப்பதை நாங்களாகக் கேட்கும்வரை கிளையில் யாரும் சொல்லவில்லை. கேட்ட பிறகு படிவத்தைக் கொடுத்து, தடங்கல் இல்லாமல் முடித்துக் கொடுத்தார்கள்.